மிதித்தேன், நிற்கவில்லை

ஈசூன்
6 ஜனவரி 2025

கபிலனுக்கு,

நானும் கவிப்ரியாவும் இருக்கிறோம். உங்கள் உடம்பு தேவலை என்று உங்கள் அக்கா சொன்னார்.

நேரில் வரவில்லையே என்று நினைப்பீர்கள். சிறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தால் நான் பழையபடி அதையே கேட்பேன், நீங்களும் அதே பதிலைச் சொல்வீர்கள். விபத்து நடந்த அன்று போலீசிடம் சொன்னதை ஒன்பது மாதம் வீட்டிலும் சொன்னீர்கள். "மிதிச்சேன், நிக்கல." காரைச் சோதித்தவர்கள் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொடுத்த பிறகும் அதையேதான் சொன்னீர்கள். ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் கேட்டதும், நீங்கள் கதவை அறைந்துவிட்டுப் போனதும் போதும். அந்தப் பேச்சு இந்தக் கடிதத்தில் வேண்டாம். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

இது காரைப் பற்றிய கடிதம். டிசம்பர் விடுமுறையில் இரண்டு வாரம் எடுக்கவே இல்லை. பள்ளி திறந்த அன்று சாவியை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. எப்படியோ திறந்து உட்கார்ந்தால், முன்னால் விளக்குகள் எல்லாம் மினுக்மினுக் என்று அடித்துவிட்டு அணைந்துவிட்டன. எதிர்வீட்டு அங்கிள் தன் காரிலிருந்து ஒயர் மாட்டிப் பார்க்கிறேன் என்று வந்தார். ஹைப்ரிட் என்றதும், "உள்ளே பெரிய பேட்டரி இருக்கு, ஷாக் அடிச்சா போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இந்தக் கார் வேண்டும். வாரத்துக்கு ஒன்பது வீடுகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். செங்காங்கில் ஒரு வீடு, உட்லண்ட்ஸில் ஒரு வீடு, இடையில் கவியைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்துதான் அவள் சாப்பிடுகிறாள், வீட்டுப்பாடம் எழுதுகிறாள். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

சந்திரமதி


15 ஜனவரி 2025

அன்புள்ள மதி,

கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். நீ சொன்னபடி காரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திவிடாதே.

பயப்பட ஒன்றும் இல்லை. இந்தக் காரில் இரண்டு பேட்டரி. பெரியது பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அதுதான் காரை ஓட்டும். அதை நீ தொடவே வேண்டாம். சின்னது பின்னால் சாமான் வைக்கும் இடத்தில், வலது மூலையில், சாதாரணக் கார் பேட்டரிதான். அது காலையில் பெரியதை எழுப்பிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு வாரம் சும்மா நின்றதில் அது இறங்கிவிட்டது. பழைய ஹைப்ரிட்டில் பாதிப் பேர் இதற்குத்தான் பெரிய பேட்டரி போய்விட்டது என்று அலறிக்கொண்டு வருவார்கள்.

முன் மூடியைத் திற. ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருக்கும். அங்கிள் காரின் சிவப்பு ஒயர் அதில். கறுப்பு ஒயரை பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டு. பத்து நிமிஷம் கழித்து பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்து. எழுந்துகொள்ளும். பிறகு நேராக உட்லண்ட்ஸ் பட்டறைக்குப் போய் இல்ஹாமிடம் சின்ன பேட்டரியை மாற்றச் சொல். இந்தக் காரை வாடகைக்கு ஓட்ட ஆரம்பிக்கும் முன் பத்து வருஷம் அவனோடு ஒன்றாக வேலை பார்த்தவன் நான், உன்னை ஏமாற்ற மாட்டான். வேறு யாரிடமும் போகாதே.

எனக்கு இங்கே சலவைப் பகுதியில் வேலை கொடுத்திருக்கிறார்கள். சூடு அதிகம். பழகிவிட்டது.

கவி என்னைப் பற்றிக் கேட்கிறாளா?

கபிலன்


ஈசூன்
9 மார்ச் 2025

கபிலன் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தோம், கார் எழுந்துகொண்டது. சிவப்பு மூடி எங்கே என்று கண்டுபிடித்தது கவிதான். அங்கிள் இப்போது எல்லோரிடமும் ஹைப்ரிட் பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறார். இல்ஹாம் சின்ன பேட்டரியை மாற்றிக் கொடுத்தார், உங்களை விசாரித்தார்.

கவி கேட்கிறாள். அப்பா எப்போது வருவார் என்று கேட்பதில்லை, அப்பா அங்கே என்ன சாப்பிடுவார் என்று கேட்கிறாள். கணக்கில் நன்றாகச் செய்கிறாள். தமிழில்தான் கவனமே இல்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து இவளோடு உட்கார என்னால் முடியவில்லை.

இப்போது வேறொன்று. வெயில் கொளுத்துகிறது. மதியத்துக்கு மேல் பின்சீட்டுப் பக்கம் ஒரு விசிறி ஓங்கிச் சத்தம் போடுகிறது. கவி காதைப் பொத்திக்கொள்கிறாள். அந்தச் சமயத்தில் எக்ஸ்பிரஸ்வேயில் எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுப்பதில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். நேற்று முக்கோண விளக்கு ஒன்று எரிந்துவிட்டுத் தானாக அணைந்தது. பெரிய பேட்டரி போய்விட்டதா? அப்படியானால் இந்தக் காரோடு போராட இனி என்னால் ஆகாது, சொல்லிவிடுங்கள்.

சந்திரமதி


18 மார்ச் 2025

அன்புள்ள மதி,

போகவில்லை. மூச்சு முட்டுகிறது.

பின்சீட்டின் ஓரத்தில், கவி சாய்ந்து உட்காரும் பக்கம், கறுப்பு சல்லடை ஒன்று இருக்கும். காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை அது வழியாக இழுத்துத்தான் பெரிய பேட்டரி தன்னைக் குளிரவைத்துக்கொள்கிறது. அதன்மேல் அவள் பை, ஸ்வெட்டர் எதையாவது வைத்திருப்பாள். வைக்கக்கூடாது என்று சொல். சல்லடையைக் கழற்றினால் உள்ளே விசிறியின் இறக்கைகளில் தூசி கம்பளிபோல் ஒட்டியிருக்கும். இல்ஹாம் பிரஷ் வைத்து அரை மணி நேரத்தில் சுத்தம் செய்துவிடுவான். வெயிலில் நிறுத்திய காரை எடுத்த உடனே விரட்டாதே. முதலில் ஏர்கானைப் போட்டு ஐந்து நிமிஷம் விடு.

வருஷத்துக்கு இரண்டு தடவை நானே அதைச் சுத்தம் செய்வேன். போன வருஷம் விபத்துக்குப் பிறகு அந்தக் காரைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. அதனால் வந்தது.

கவியிடம் சொல், இங்கே சோறு, மீன், முட்டை எல்லாம் தருகிறார்கள். நேற்று ஆப்பிள் கொடுத்தார்கள்.

கபிலன்


ஈசூன்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள கபிலன்,

இதை எழுத மூன்று நாள் ஆனது.

ஒரு வாரமாகவே பிரேக்கை மிதிக்கும்போது முன்பக்கம் எங்கோ "ஸ்ஸ்ர்ர்" என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். முன்பும் எப்போதாவது கேட்டதுதான். இப்போது சிக்னலில் சும்மா நிற்கும்போதுகூட நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்தது. விசிறியைப்போல இதுவும் ஏதோ தூசி என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை உட்லண்ட்ஸில் பாடம் முடிந்து மண்டாய் சாலை வழியாக வந்தோம். மாலை ஐந்து மணி இருக்கும். இறக்கத்தில் திடீரென்று சிவப்பு விளக்கு எரிந்து, விடாமல் பீப் சத்தம். மிதித்தேன், கால் ஆழமாக இறங்கியது, கார் நிற்கவில்லை. எதிரே பஸ் ஸ்டாப்பில் சீருடையில் பிள்ளைகள் நின்றிருந்தார்கள், இரண்டு பேர் நடைபாதையை விட்டு இறங்கி நின்றார்கள். இரண்டு காலையும் வைத்து அழுத்தினேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றிருப்பேன் போலிருக்கிறது. மெதுவாகி, பஸ் ஸ்டாப்புக்கு ஒரு கார் நீளம் முன்னால் நின்றது. பின்னாலிருந்து கவி கேட்டாள், "அம்மா, ஏன் உடனே நிக்கல?"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இழுவை வண்டியை வரவழைத்து இல்ஹாமிடம் அனுப்பிவிட்டேன்.

கபிலன், எனக்கு எழுதத் தெரியவில்லை. மிதித்தேன், நிற்கவில்லை. நீங்கள் சொன்ன அதே வார்த்தை என் வாயில் வந்தது. ஒரு வருஷமாக நான் அந்த வார்த்தையை நம்பவில்லை. யார் நம்பாவிட்டாலும் நான் நம்பியிருக்க வேண்டும். நீங்கள் கதவை அறைந்துவிட்டுப் போனதில் எவ்வளவு நியாயம் இருந்திருக்கிறது. என்னை மன்னித்துவிடுங்கள். அடுத்த மாதம் கவியோடு பார்க்க வருகிறேன்.

உங்கள்
மதி


29 ஏப்ரல் 2025

அன்புள்ள மதி,

உனக்கும் கவிக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று படித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

அந்தச் சத்தம் பிரேக்குக்கு அழுத்தம் ஏற்றும் பம்ப்புடையது. அழுத்தம் உள்ளே கசிவதால் அது திரும்பத் திரும்ப ஓடுகிறது. தூசி இல்லை, சுத்தம் செய்து சரியாகாது. அந்தப் பாகத்தை முழுசாக மாற்ற வேண்டும். மாற்றும்வரை யாரும் அந்தக் காரை ஓட்டக்கூடாது, பட்டறை வாசல்வரைக்கும்கூட. இல்ஹாமிடம் நான் சொன்னதாகச் சொல்.

மற்றதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மன்னிப்பெல்லாம் கேட்காதே. பார்க்க வருவதற்கும் இப்போது அவசரப்படாதே, உனக்கு அலைச்சல்.

கபிலன்


ஈசூன்
11 மே 2025

அன்புள்ள கபிலன்,

உங்கள் கடிதம் இவ்வளவு சுருக்கமாக இருந்ததே என்று முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தேன். ஒரு வருஷம் நம்பாதவள் ஒரு கடிதத்தில் நம்புகிறேன் என்றால் உடனே மனம் ஆறிவிடுமா? ஆறட்டும். நான் காத்திருக்கிறேன்.

இதற்குள் சில காரியம் செய்திருக்கிறேன். இல்ஹாம் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அக்கா, இது பழைய ஹைப்ரிட்ல வழக்கமா வர்றதுதான்லா. ஒரே நாள்ல வராது, மெல்ல மெல்லத்தான் வரும். போன வருஷமே ஆரம்பிச்சிருக்கலாம், யாரு கண்டா." அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். வக்கீலிடம் காட்டினேன். தண்டனை முடியப் போகிற நேரம், என்ன பலன் இருக்கும் என்று தெரியாது, ஆனாலும் மனுப் போட்டுப் பார்க்கலாம் என்றார். எழுதச் சொல்லிவிட்டேன். உங்கள் பெயரில் அந்தக் கறை இருக்கக்கூடாது.

இன்னொன்று. சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போய், விபத்தில் அடிபட்ட மைமூன் அம்மாவைப் பார்த்தேன். நீதிமன்றத்தில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, பேசியதில்லை. மாடியில் தையல் கடை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இடது காலால் மெஷினை ஓட்டுகிறார். வலது கால் இன்னும் மடங்குவதில்லை. நோன்புப் பெருநாளுக்கு வந்த துணிகளில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவர் மகள் ஃபர்சானா சொன்னாள்.

நான் யார் என்று சொன்னதும் மெஷினை நிறுத்தினார். காரில் கோளாறு இருந்தது, இப்போதுதான் தெரிந்தது, என் கணவர் பொய் சொல்லவில்லை என்று சொன்னேன். ஊசிக்கு அடியிலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தார். பிறகு சொன்னார், "நான் அவர ஏசாத நாளில்லம்மா. தொழுதுட்டு எழும்பும்போதுகூட ஏசியிருக்கேன். அவரு பெத்த புள்ளைக்கும் சேத்து ஏசியிருக்கேன். கார் மேல தப்புன்னா அந்தப் பாவம் எனக்குல்ல வரும்." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உங்களிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

சொல்லிவிட்டேன். படிக்கும்போது உங்களுக்கும் கொஞ்சம் பாரம் குறையட்டும்.

உங்கள்
மதி


19 மே 2025

மதி,

இங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார்கள். இதையும் படிக்கட்டும்.

அன்று பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

சிராங்கூன் ரோட்டில் ஒரு பயணியை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தேன். காலை ஏழரை மணி. போனில் அடுத்த புக்கிங் வந்தது. சாங்கி விமான நிலையம், நல்ல தூரம். விட்டால் வேறு டிரைவர் எடுத்துக்கொள்வான். குனிந்து பார்த்து விரலால் தொட்டேன். நிமிர்ந்தபோது அந்த அம்மா கண்ணாடிக்கு நேரே இருந்தார்கள். நான் பிரேக்கை மிதித்தது அவர்கள் கீழே விழுந்த பிறகுதான். மிதித்த இடத்தில் கார் நின்றது, ஒரு அடிகூட நகரவில்லை. எவ்வளவு நன்றாக நின்றது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

போலீஸ்காரர் என்ன நடந்தது என்று கேட்டார். இந்தக் காரில் அந்தப் பம்ப் கோளாறு சகஜம், மதி. பட்டறையில் நானே பத்துப் பன்னிரண்டு காருக்கு மாற்றியிருக்கிறேன். அதனால் யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. வக்கீலிடம் சொன்னேன், அக்காவிடம் சொன்னேன், உன்னிடம் சொன்னேன். நீ நம்பவில்லை. உன் மேல் எனக்குக் கோபம் வந்ததே, அது நீ நம்பாததற்காக இல்லை. நீ மட்டும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாய் என்பதற்காக.

உன் ஏப்ரல் கடிதம் வந்தபோது என்ன நினைத்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று படித்ததும் அடுத்த நிமிஷம் வந்தது அந்தச் சந்தோஷம்தான். கார் என்னைக் காப்பாற்றிவிட்டது, இனி வாழ்நாள் முழுக்க மதி என்னை நம்புவாள், ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும் என்று நினைத்தேன். அதனால்தான் அந்தச் சின்னக் கடிதம். இருந்தும்விடுவேன் என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதினாய். அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரே போர்வையை மூன்று தடவை மடித்தேன் என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னார். அவர்கள் காலை உடைத்துவிட்டு, என்னை ஏசினது பாவம் என்று அவர்களையே அழவும் வைத்துவிட்டேன்.

மனுவை நிறுத்திவிடு. வக்கீலுக்கு நானும் எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ என்ன முடிவு எடுத்தாலும் எனக்குக் கேட்க உரிமை இல்லை.

கார் பிரேக்கை மட்டும் மாற்றாமல் எடுக்காதே. அது உண்மையாகவே கெட்டிருக்கிறது.

கபிலன்


ஈசூன்
15 ஜூன் 2025

கபிலனுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. முதல் வாரம் அதை இரண்டாவது தடவை படிக்கவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்கப் போன வீட்டில் ஒரு பையன், "டீச்சர், நீங்க ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேக்குறீங்க" என்றான். அன்று சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

வக்கீலிடம் சொல்லி மனுவை நிறுத்தியாகிவிட்டது. இல்ஹாமிடமும் உண்மையைச் சொன்னேன். "அப்படியாக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது. பிரேக் பாகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார். காலி இடத்தில் ஓட்டிக் காட்டி, என்னையும் பலமுறை மிதித்துப் பார்க்கச் சொன்னார். நிற்கிறது. இப்போது அதில்தான் போய்வருகிறோம்.

மைமூன் அம்மாவிடம் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். உங்களைச் சொல்லி என்ன, எனக்கும் அந்த எண்ணம் வந்தது. அவர் இப்போது உங்களை ஏசுவதில்லை, நிம்மதியாக இருக்கிறார், எதற்குப் போய்க் கிளற வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். போன சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். கடைக்கு வெளியே இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஃபர்சானாதான் பார்த்துக் கூப்பிட்டாள்.

நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன், போனில் புக்கிங் வந்ததுமுதல். எதையும் குறைக்கவில்லை. ஃபர்சானா அழுதுகொண்டு வெளியே போய்விட்டாள். மைமூன் அம்மா அழவில்லை.

"அப்ப நான் ஏசுனது சரிதான்" என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டார், "இத அவரே எழுதுனாரா, நீங்க துருவிக் கேட்டீங்களா?"

"அவரே எழுதினாரும்மா. நான் அவர் சொன்னத நம்பிட்டேன். கேக்கவே இல்ல."

ஒரு ரவிக்கையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தார், பிரித்து முடிக்கும்வரை நான் நின்றேன். பிறகு தலை நிமிராமலே சொன்னார்.

"போன தடவையும் நீங்க வந்தீங்க, இந்தத் தடவையும் நீங்க வர்றீங்க. ஒங்க காலா அன்னிக்கி பிரேக்க மிதிக்காம இருந்துச்சு? அவர வரச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று நீங்கள் எதிர்பார்க்கவும் வேண்டாம்.

என்னைப் பற்றி. ஏப்ரலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேனே, அதைப் படித்துவிட்டு நீங்கள் சந்தோஷப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரி மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. விபத்தைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன், அதை மறப்பேனா தெரியவில்லை. ஆனால் அதை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். ஒரு பக்கமும் முடிவாகவில்லை. களைப்பாக இருக்கிறது.

கவியிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் அப்பா சொல்ல வேண்டியது அது.

ஆகஸ்டில் உங்களை வெளியே விடுவார்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. அன்று நான் கார் எடுத்துக்கொண்டு வரமாட்டேன். உங்கள் அக்காவிடமும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஸ் பிடித்து, ரயில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்குங்கள். தேக்கா சந்தை மாடியில், படியேறி வலது பக்கம் நான்காவது கடை. மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. அவர் சொல்வதை எல்லாம் நின்று கேளுங்கள். உட்காரச் சொன்னால் மட்டும் உட்காருங்கள்.

அது முடிந்த பிறகு ஈசூனுக்கு வாருங்கள். ஆறு மணிக்கு மேல் நாங்கள் வீட்டில் இருப்போம். மணி அடித்தால் கதவைத் திறப்பேன். அதற்கு மேல் என்ன என்று இப்போது என்னைக் கேட்காதீர்கள்.

சந்திரமதி